உயிரோடு வந்தவரின் உடுப்புகள்

தச்சர் ஊர் திரும்பியபோது அவரை முதலில் எதிர்கொண்டது அவருடைய கோட்டுதான். அது படகுத்துறையில் நின்றிருந்தது. உள்ளே படகுக்காரர் இருந்தார்.

பழுப்புக் கம்பளிக் கோட்டு. வலது முழங்கையில் சாம்பல் நிற ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது அவர் மனைவி. பழுப்புத் துணியே கிடைக்கவில்லையா என்று அவர் முனகியதற்கு, "முழங்கையை யாரு பாக்கப் போறா? நீங்க என்ன புது மாப்பிள்ளையா?" என்று கேட்டு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். இப்போது அந்த முழங்கை படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்க தம்பி. உங்களுக்காகத்தான் நிக்குது" என்றார் படகுக்காரர்.

தச்சர் ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தார். படகுக்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. மார்பு வரை தாடி, குழி விழுந்த கன்னம், யாரோ ஒரு மீன்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த தொளதொளச் சட்டை. அந்தச் சட்டைக்குள் இன்னொரு தச்சரையும் குடிவைக்கலாம்.

அதுவுமல்லாமல், அது ஆளை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்ட காலம் இல்லை. உடுப்பைப் பார்த்துத்தான். வேலைக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, நல்ல காரியத்துக்கு ஒன்று என்று மூன்று வைத்திருந்தவர் வசதிக்காரர். ஒரு கோட்டு தைத்தால் அதோடு மனிதர் கிழவராவார். தெருமுனையில் கோட்டின் நுனி தெரிந்ததுமே, "தச்சர் வந்துட்டார், விளக்கேத்து" என்று வீட்டுக்குள் குரல் கேட்கும். ரொட்டி சுடுகிறவர் வெள்ளை உடுத்துவார். தச்சர்களின் கால்சட்டையில் தொடையோரம் அளவுகோல் வைக்க நீளப் பை இருக்கும். தொப்பி இல்லாமல் ஒருவர் தெருவில் நடந்தால், அவர் வீடு பற்றி எரிகிறதென்று நினைத்து நாலு பேர் வாளியோடு பின்னால் ஓடுவார்கள். அப்படியொரு காலம் அது. உடுப்புதான் முகம்.

"கோட்டு நல்லா இருக்கே" என்றார் தச்சர்.

"நல்லா இல்லாம? தச்சர் போட்ட கோட்டு."

"எந்தத் தச்சர்?"

"மேட்டுத் தெருவுல இருந்தாரே, சரக்குக் கப்பல்ல வேலைக்குப் போனவர். கப்பலும் போச்சு, அவரும் போயிட்டார்." படகுக்காரர் துடுப்பை இழுத்தார். "அவங்க வீட்டம்மா கூப்பிட்டுக் குடுத்தாங்க. ஆத்துக் காத்துல நிக்கிற மனுஷன், உங்களுக்குத்தான் இது தேவைன்னு."

"ஆள் எப்படி?"

"செத்தவங்களைக் குறை சொல்லக் கூடாது" என்ற படகுக்காரர், இரண்டு முறை துடுப்பு வலித்துவிட்டுக் குறை சொன்னார். "தங்கமான கை. ஆனா பிடிவாதம்னா பிடிவாதம். தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிப்பார். நாலாவது காலை எடுத்துக் கையில குடுத்தாலும், இது வேற முயலோடதுன்னுவார். கூடப் பொறந்த தம்பிகிட்டகூடப் பேச மாட்டார்னா பாத்துக்கோங்க."

தன் சாவுக்குப் பிறகு ஊர் தன்னைப் பற்றி என்ன பேசும் என்று தெரிந்துகொள்ளும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவருக்கு அது அவ்வளவு இனிக்கவும் இல்லை.

"நீங்க அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"நெருங்கின சொந்தம்" என்று சொல்லித் தச்சர் தொப்பியைக் கழற்றினார்.

படகுக்காரர் முகத்தைப் பார்த்தார். தாடியைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துடுப்பு கையிலிருந்து நழுவியது. தச்சர் சட்டென்று குனிந்து பிடிக்காவிட்டால் அதுவும் கப்பல் போன வழியே போயிருக்கும்.

நடந்ததைத் தச்சர் சுருக்கமாகச் சொன்னார். கப்பல் உடைந்தது உண்மை. அவர் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும், தூரத்துத் தீவு ஒன்றின் மீன்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்ததும், முறிந்த கால் கூடாமல் ஒரு வருடத்துக்கு மேல் படுத்துக் கிடந்ததும் உண்மை. ஊருக்குச் சொல்லச் சொல்லி ஒரு மாலுமியிடம் சேதி சொல்லி அனுப்பினார். அந்த மாலுமி எந்தத் துறைமுகத்தில் யாரிடம் அதைச் சொன்னானோ, இங்கே வந்து சேரவில்லை.

கேட்டு முடித்ததும் படகுக்காரர் கோட்டைக் கழற்றி நீட்டினார். தச்சர் கையை நீட்டவில்லை.

"வேண்டாம். போனவங்க உடுப்பைத் திரும்ப வாங்கக் கூடாது."

"நீங்க போகலையே."

"குடுத்தது குடுத்ததுதானே."

இருவருமே யோசித்தார்கள். இறந்தவரின் உடுப்பு வீட்டில் தொங்கக் கூடாது என்பது அந்த ஊரின் வழக்கம். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்து வீட்டுக்காரி கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் அதை விற்கக் கூடாது, பெட்டியில் பூட்டக் கூடாது, உடுத்திக் கிழிக்க வேண்டும். கொடுத்தவர் திரும்பக் கேட்பது வீட்டுக்குள் சாவைத் திரும்பக் கூப்பிடுவது மாதிரி. எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. செத்தவர் படகேறி வந்தால் என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

காற்று சில்லென்று அடித்தது. கடைசியில் கோட்டை மடித்து இருவருக்கும் நடுவில் இருந்த பலகையில் வைத்தார்கள். இருவரும் நடுங்கிக்கொண்டே அக்கரை சேர்ந்தார்கள். இறங்கும்போது தச்சர்தான் அதை எடுத்து விரித்துப் படகுக்காரரின் தோளில் போட்டார். "ஆத்துக் காத்துல நிக்கிறது நீங்கதானே" என்றார்.

மேட்டுத் தெருவில் அவர் வீட்டின் பின்கட்டில் துணி உலர்த்தும் கயிறு உண்டு. தூரத்திலிருந்தே அது கண்ணில் பட்டது. கயிறு முழுவதும் கறுப்பு. பாவாடை, ரவிக்கை, தலைத்துணி, போர்வை, ஜன்னல் திரைகூடக் கறுப்பு. கப்பல் உடைந்த சேதி ஊருக்கு வர மாதக்கணக்காகியிருந்தது. வந்த வாரமே சாயக்காரர் வந்து, வீட்டில் இருந்த துணியை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போய் ஒரே தொட்டியில் முக்கிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கட்டியவன் போனால் ஒரு வருடக் கறுப்பு. அது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவள் முதுகைக் காட்டி நின்று ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். வாயில் துணிமாட்டும் குச்சிகள். காலடி கேட்டுத் திரும்பினாள். தாடி அவளை ஏமாற்றவில்லை. படகுக்காரரைப்போலக் கண்ணைச் சுருக்கவும் இல்லை. குச்சிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில் செருகினாள். கிட்டே வந்து அவருடைய சட்டைத் தோளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு சட்டை?"

"ஒரு மீன்காரர் குடுத்தது."

"தோள்ல தையல் விட்டிருக்கு."

"ஆமா."

அதற்குப் பிறகுதான் அவள் அந்தத் தையலில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். அவள் அழுது முடிப்பதற்குள் தோள் முழுவதும் பிரிந்துவிட்டது.

வெந்நீர் வைத்தாள். தாடியை அவளே கத்தரித்தாள். குளித்துவிட்டு வந்து, "என் சட்டை ஒண்ணு எடு" என்று வழக்கம்போலக் கையை நீட்டினார் தச்சர். அவள் அசையாமல் நின்றாள். அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். அவர் கையாலேயே செதுக்கி அடித்த மரமுளைகள் வரிசையாக வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. வருடக்கணக்கில் உடுப்பு தொங்கிய இடங்களில் சுண்ணாம்பு பழுக்காமல் வெளுப்பாக இருந்தது. கோட்டு ஒரு வெளுப்பு, கால்சட்டை ஒரு வெளுப்பு.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன்" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"நீங்க வருவீங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

வீட்டில் அவர் உடம்புக்கு ஆகக்கூடிய துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவளுடைய கறுப்புப் போர்வை. மீன்காரரின் சட்டை துவைத்துக் காயும் வரை அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளும் சட்டை முழுதாகக் காயவில்லை. அதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. காலையிலிருந்து வாசலில் ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் பார்த்ததென்ன? தனக்குத்தானே துக்கம் காத்துக்கொண்டு கறுப்புப் போர்வையில் உட்கார்ந்திருக்கும் தச்சரை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாதிப் பேர் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள்.

அவருடைய உடுப்புகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பூட்ஸ் வருவதைக் காதே சொன்னது. இடது குதிகாலில் ஆணி சற்று வெளியே நீட்டியிருக்கும். கல்லில் பட்டால் 'டிக்' என்னும். அந்தச் சத்தம் தெருவில் ஏறி வந்து வாசலில் நின்றது. மேலே பார்த்தால் தபால்காரர். "நீங்க போகாத தெரு எல்லாம் உங்க பூட்ஸ் போயிடுச்சு தச்சரே" என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்ற சந்தேகத்தோடு நின்றார்.

கால்சட்டை பாட்டு வாத்தியாரிடம் இருந்தது. ஒல்லி மனிதர். இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியிருந்தார். அளவுகோல் வைக்கும் நீளப் பையில் புல்லாங்குழல் இருந்தது.

"உங்க முன்னாடி இதைப் போட்டுக்கிட்டு நிக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார். "இங்கேயே கழட்டிக் குடுத்துடலாம். ஆனா வீடு வரைக்கும் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"நீங்களே வெச்சுக்கோங்க."

"முன்னெல்லாம் குழலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடப்பேன். எத்தனை தடவை கீழ போட்டிருப்பேன் தெரியுமா? உங்க வீட்டம்மா அதைப் பாத்து வெச்சிருந்து, இந்தப் பை உங்களுக்கு ஆகும்னு கூப்பிட்டுக் குடுத்தாங்க."

தச்சர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர்க் குவளையோடு உள்ளே போய்விட்டாள். ஆற்றங்கரையில் குளிரில் நிற்பவர், மேடு பள்ளம் ஏறி இறங்குபவர், குழலைக் கீழே போடுபவர். அவர் வீட்டில் இல்லாத அந்த நாட்களில், கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஊரில் யாருக்கு எது இல்லை என்று அவள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

இன்றைக்குத் தச்சர் கிழவராகிவிட்டார். கடைவீதியில் அடுக்கடுக்காகத் தொங்கும் சட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலைப்பொழுது அவருக்கு நினைவுக்கு வரும். இப்போது எல்லோரிடமும் நிறையத் துணி. நேற்று உடுத்தியதை இன்று உடுத்துவதில்லை. முதுகைப் பார்த்து யாரையும் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் வேறு யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள். நல்லதுதான், குளிரில் யாரும் நடுங்குவதில்லை என்பார். ஆனாலும் தன் கோட்டு தெருவில் எதிரே வந்து, நின்று, தன்னிடம் நலம் விசாரித்துவிட்டுப் போன நாட்களைச் சொல்லும்போது அவர் குரல் இளகிவிடும். ஒரு துணி ஊருக்குள் ஒரு ஆளைப்போல நடமாடியது என்று இப்போது யாரிடம் சொன்னால் புரியும்?

அன்று வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, தச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

"கல்யாணக் கோட்டு?"

அவள் பாத்திரத்தைத் துடைத்தாள்.

"அடர்நீலம். வெள்ளிப் பொத்தான் வெச்சது. அதை யாருக்குக் குடுத்தே?"

"உங்க தம்பிக்கு."

தச்சரின் முகம் மாறிவிட்டது. தம்பி கீழத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தான். இரண்டு தெரு தாண்டினால் கடை. ஆனால் ஒன்பது வருடமாக அண்ணன் அந்த வழியில் நடந்ததில்லை. ரொட்டியைக்கூட ஊரின் மறுகோடியில் போய் வாங்கி வருவார். அது கல் மாதிரி இருக்கும், அதைத்தான் தின்பார்.

சண்டை அம்மா இறந்தபோது வந்தது. அம்மாவுக்கு இரண்டு மகன்களும் ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும். அண்ணன் உடுத்தினார். தம்பி ஒரு மாதத்தில் கழற்றிவிட்டான். ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக அவன் தெருவில் போனதை ஊரே பார்த்தது. அண்ணன் போய்க் கேட்டார். "அம்மாவுக்கு உன்னால ஒரு மாசம்தான் துக்கப்பட முடிஞ்சுதா?" தம்பிக்கும் ரத்தம் சூடான வயது. "துக்கம் துணியிலயா இருக்கு?" என்றான். அவ்வளவுதான். அண்ணன் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

"அவனுக்கு எதுக்குக் குடுத்தே? கறுப்பைக் கழட்டி எறிஞ்சவன்."

"முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் அவள். "பேசறதை அப்புறம் பேசுங்க."

"நான் எதுக்குப் போகணும்? உயிரோட வந்தது நான். அவன்ல வரணும்?"

"உயிரோட வந்தும் இதுதான் பேச்சா?" என்றாள். குரல் உயரவே இல்லை. தச்சர் எழுந்து, ஈரம் முழுதும் காயாத மீன்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கீழத்தெருவில் ரொட்டி மணம் தெருத் தொடக்கத்திலேயே வந்து மூக்கில் ஏறியது. கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நீளப் பலகையால் ரொட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தச்சர் அது வேறு யாரோ என்றுதான் நினைத்தார். ஏனென்றால் அந்த முதுகு கறுப்பாக இருந்தது.

கறுப்பு என்று சொல்வதும் சரியில்லை. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புத் தலைக்கட்டு. அதன்மேல் தோள் முதல் குதிகால் வரை மாவு. வெள்ளைத் துணியில் மாவு பட்டால் தெரியாது, அதற்காகத்தானே அந்தத் தொழிலுக்கு வெள்ளை. கறுப்பில் ஒவ்வொரு விரல் தடமும் தெரிந்தது. இடுப்பில் கைவைத்த தடம், நெற்றியைத் துடைத்த தடம், தோளில் மூட்டை வைத்த தடம். இறந்த அண்ணனுக்காக அவன் உடுத்திய கறுப்பு அது.

தம்பி திரும்பினான். அண்ணன் வந்துவிட்ட சேதி அவனுக்கு நேற்றே தெரியும். பலகையைச் சுவரில் சாய்த்தான். சாய்த்தது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தான்.

"வா அண்ணா" என்றான்.

"ஏன் நீ வரலை?"

"ராத்திரியே கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். இந்தக் கறுப்போட வந்து நிக்கறதா, கழட்டிட்டு வர்றதான்னு தெரியலை. கறுப்போட வந்தா அபசகுனம். கழட்டிட்டு வந்தா..." அவன் நிறுத்திவிட்டுச் சொன்னான். "கழட்டினா நீ கோச்சுப்பே. போன தடவை கோச்சுக்கிட்ட."

தச்சர் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். கால் வலித்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

"ரொட்டிக்கடையில கறுப்பு உடுத்தினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லாம இருப்பாங்களா? கரி அடுப்புல விழுந்து எழுந்தியான்னு கேக்கறாங்க. ரொட்டியில கறுப்பு நூல் வந்துச்சுன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்தாங்க. வரட்டும்."

"அப்ப அம்மாவுக்கு?"

தம்பி மேலிருந்த மாவைத் தட்டினான். தட்டிய கை மாவு, அதனால் இன்னும் கொஞ்சம் ஒட்டியது.

"அப்ப கடை என்னோடதா அண்ணா? நான் கூலிக்கு நின்னேன். ஒரு மாசம் பொறுத்துட்டு முதலாளி சொன்னார், நாளைக்கு வெள்ளையில வா, இல்லேன்னா வராதேன்னு. இப்ப கடை என்னோடது. நான் என்ன உடுத்தினாலும் கேக்கறதுக்கு ஆள் இல்லை."

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ கேக்கலையே. நீ கேட்டது வேற."

அடுப்பில் அடுத்த வரிசை கருகும் வாடை வந்தது. தம்பி ஓடிப்போய் இழுத்தான். தச்சரும் எழுந்து சுவரிலிருந்த இன்னொரு பலகையை எடுத்துக் கை கொடுத்தார். பலகையின் பிடி ஆடியது. "யாருடா இதை அடிச்சது? ஆணியா இது, முள்ளா?" என்று முணுமுணுத்தார். ஒன்பது வருடத்தில் அண்ணனிடமிருந்து வந்த முதல் ஏச்சு. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்புக்குள் பார்த்தபடி நின்றான். அடுப்புச் சூட்டில் கண் கலங்குவது ரொட்டிக்காரருக்குப் புதிதல்ல.

கல்யாணக் கோட்டைத் தம்பி ஒரே ஒரு முறைதான் போட்டுப் பார்த்திருந்தான். தோள் பெரிதாக இருந்ததாம். வழக்கப்படி அதை உடுத்த வேண்டும், பெட்டியில் வைக்கக் கூடாது. அதற்காகக் கடையின் உள்ளறையில், தான் உட்காரும் நாற்காலியின் முதுகில் அதைப் போட்டு வைத்திருந்தான். "நான் உடுத்தலை, நாற்காலி உடுத்திக்கிட்டு இருக்கு" என்றான். ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்த மாதிரி கூச்சத்தோடு அதை நீட்டினான். தச்சர் வாங்கிக்கொண்டார். படகுக்காரரிடம் பேசிய விதி இங்கே நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிப் பொத்தான் கோட்டும் உள்ளே மீன்காரர் சட்டையுமாக அவர் வீட்டுக்கு நடந்தபோது, பார்த்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

தம்பி மறுநாளே வெள்ளைக்கு மாறினான். மனைவியின் கறுப்புதான் பெரிய பாடாகப் போனது.

சாயக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பாவாடையைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எந்தச் சாயத்து மேலயும் கறுப்பு ஏறும். கறுப்பு மேல எதுவும் ஏறாது. இது கடைசிச் சாயம்மா." ஆகவே இருவரும் துணிக்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் மரியாதையாகப் பலகையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "கறுப்பு முடிஞ்சதும் கொஞ்ச நாள் சாம்பல் உடுத்தணும்ல? அப்புறம்தானே கலர்?"

கடைக்காரர் மோவாயைச் சொறிந்தார். "அது போனவங்களுக்கும்மா. வந்தவங்களுக்கு என்ன முறைன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போகலை. உங்க மனசுக்குப் பிடிச்சதை எடுங்க."

அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒவ்வொரு மடிப்பாக இறங்கி விரிந்தது. ஒவ்வொன்றையும் கையின் மேல் போட்டுப் பார்த்தாள். ஒரு வருடமாக நிறமே படாத கை அது. கடைசியில் பாவாடைக்கென்று அவள் எடுத்தது கிளிப்பச்சை.

"இந்த வயசுல கிளிப்பச்சையா?" என்று தச்சர் மெதுவாகக் கேட்டார்.

"எந்த வயசுல?" என்றாள். கடைக்காரர் இருமிக்கொண்டே துணியை மடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் துணி பெட்டிக்குள் போனது. அடுத்த நாளும் அவள் கறுப்பிலேயே இருந்தாள். அதற்கடுத்த நாளும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால், ஊசி முனை மழுங்கிவிட்டது, வெளிச்சம் போதவில்லை, கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. கத்தரிக்கோல் ஜன்னலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தச்சர் கேட்டுவிட்டார். "ஏன் இன்னும் வெட்டலை?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நீங்க தினமும் சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போறீங்க. எந்தக் கப்பல் எப்ப கிளம்புதுன்னு படகுக்காரர்கிட்ட கேக்கறீங்க. அவர் சொன்னார்."

கடல் அவரைக் கொல்லப் பார்த்தது உண்மை. ஆனால் கப்பல் மரத்தில் உளி இறங்கும்போது எழும் வாசனையும், பாய் விரியும்போது அடிவயிற்றில் ஏற்படும் குறுகுறுப்பும் விட்டால் போய்விடுகிற சங்கதிகளா?

"போகாதீங்கன்னு நான் சொல்லலை" என்றாள். "போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இந்தக் கறுப்பையே வெச்சுக்கறேன். கழட்டிட்டு இன்னொரு தடவை உடுத்த என்னால ஆகாது."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். தச்சர் வேலைத்திண்டில் உட்கார்ந்து ஒரு மரக்கட்டையை ஒன்றுமில்லாமல் போகும் வரை சீவினார். இரண்டு மூன்று நாள் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் போனார். கப்பலைப் பற்றி எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் கப்பல் ஆபீஸ்காரர் வந்தார். இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு, பளபளவென்ற காலணி, கக்கத்தில் குடை. உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியிலேயே உட்கார்ந்தார். தச்சர் பிழைத்து வந்ததில் தங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் என்று ஆரம்பித்து, புதுக் கப்பல் ஒன்று தயாராகிறது, நல்ல தச்சர் தேவை, உங்களை விட்டால் யார் என்று முடித்தார்.

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"இப்ப கையில வேலை இருக்கு" என்றார் தச்சர். "தம்பி கடைக்குப் புதுக் கதவு போடணும். பழசு ஒண்ணும் சரியில்லை. அப்புறம் மாவு பிசையற மேசை. ரொட்டிப் பலகை எல்லாத்துக்கும் பிடி மாத்தணும். எவனோ முள்ளால அடிச்சு வெச்சிருக்கான்."

"அதனால என்ன? முடிச்சிட்டு வாங்க. கப்பல் கிளம்ப நாள் இருக்கு. எப்ப முடியும்?"

தச்சர் தெருவைப் பார்த்தார். வாத்தியார் வீட்டிலிருந்து குழல் கேட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் தடுக்கும் அதே இடத்தில், அதே தப்போடு.

"முடியாதுங்க" என்றார்.

ஆபீஸ்காரருக்கு அது வேலையைப் பற்றியா, பயணத்தைப் பற்றியா என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். தச்சர் தலையை மட்டும் ஆட்டினார். ஆபீஸ்காரர் எழுந்து குடையைத் தட்டிக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து 'கர்ரக், கர்ரக்' என்று ஒரு சத்தம் எழுந்தது. விட்டுவிட்டு வந்தது, பிறகு நீளமாக ஒரே இழுப்பாக வந்தது.

"உள்ள என்ன சத்தம்?" என்று கேட்டார் ஆபீஸ்காரர்.

"பாவாடை" என்றார் தச்சர்.